கூப்பிடுவதற்கு முன்பே வெளியே வந்தவர்கள்

ஜூன் 3

மகளின் தாயாருக்கு,

இங்கு நலம். அங்கு எல்லோரும் நலம் என்பதை மகள் அனுப்பும் குழந்தைப் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நீ பேசுவது எனக்குக் கொரகொரவென்று மட்டும் விழுகிறது. நடுவில் மகள் போனைப் பிடுங்கி, "அம்மா என்ன சொல்றாங்கன்னா..." என்று கத்துகிறாள். தெருவுக்கே நம் கதை தெரிந்துவிடுகிறது. தட்டி அனுப்பலாம் என்றால், இந்தத் தடித்த விரலால் ஒரு எழுத்தை அமுக்கினால் மூன்று எழுத்து விழுகிறது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

ரயில் எஞ்சின் ஷெட்டில் என்னை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்து மூன்று மாதம் ஆகப்போகிறது. கம்பிவலை போட்ட ஜன்னல், அதற்குப் பின்னால் ஒரு முக்காலி, முக்காலி மேல் நான். வாஷர் கேட்டால் வாஷர் கொடுக்கிறேன், ரப்பர் குழாய் கேட்டால் ரப்பர் குழாய் கொடுக்கிறேன். முன்பெல்லாம் பயணிகள் வண்டியை இழுக்கிற டீசல் எஞ்சின் எதுவானாலும், பழுது பார்த்து முடித்ததும் என் கை பட்டுத்தான் ஸ்டார்ட் ஆகும். நான் காது கொடுத்துக் கேட்டு, "போகலாம்" என்று சொன்ன பிறகே ஷெட்டை விட்டு வெளியே போகும். இப்போது என் கை பட்டு வெளியே போவது வாஷர்தான்.

யார் சொல்லி என்னை மாற்றினார்கள் என்று ஃபோர்மேனிடம் நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "உங்க வீட்டம்மாதான் வந்து சொன்னாங்க, உங்களுக்குக் காது கேக்கலைன்னு. கேட்டுட்டு நான் சும்மா இருக்க முடியாதில்ல?" அதை இதுவரை உன்னிடம் நேராகக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். என் கையில் ஒருவனுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. என் பிழைப்பில் மண்ணைப் போட உனக்கு எப்படி மனம் வந்தது?

எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று எழுது.

இப்படிக்கு,
வாஷர் கொடுப்பவன்


ஜூன் 11

என்னங்க,

பக்கத்து வீட்டில் கேட்டால், பேத்தியைப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை. குழந்தைக்கு உங்கள் மூக்கு. பாவம், பெண் குழந்தை, போகப் போகச் சரியாகிவிடும் என்று மாப்பிள்ளை தைரியம் சொல்கிறார்.

ஆமாம், நான்தான் சொன்னேன். திருட்டுத்தனமாகப் போகவில்லை. நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். "ஃபோர்மேன் வீட்டுக்குப் போறேன், உங்க காதைப் பத்திச் சொல்லப் போறேன்" என்று உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன். ஒரு பக்கத்தைத் திருப்பினீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

எனக்கு ஆறாமல் இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. நீங்கள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தட்டைத் தூக்கிப் போட்டிருந்தால் பொறுக்கி வைத்திருப்பேன். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. நான் பேச வாயைத் திறந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். என் வாயைப் பார்த்தால்தான் நான் பேசுவது உங்களுக்குப் புரியும். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஊரில் ஒருத்தரிடமும் காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ளாதவர், என் வாயை அடைக்க மட்டும் அதே காதை வைத்துக்கொண்டீர்கள். நாள் கணக்கில் அப்படி இருந்தீர்கள். கடைசியில் சமையலறையில் நின்று பாத்திரங்களோடு பேச ஆரம்பித்தேன்.

பிரசவத்துக்காக மகளோடு இங்கே கிளம்பியபோது, திரும்பி வருகிற நினைப்பில்தான் கிளம்பினேன். வந்து பெட்டியைத் திறந்தால் குளிர்காலத் துணியும் உள்ளே இருக்கிறது. அதை எப்போது எடுத்து வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை.

உங்கள் மாத்திரை டப்பா ஃப்ரிட்ஜின் மேல் இருக்கிறது. காலியானால் வாங்குங்கள்.

நான்தான்


ஜூன் 19

மகளின் தாயாருக்கு,

முகத்தைத் திருப்பியது உண்மை. கோபத்தில் செய்தேன். அதற்காக ஒரு பெண்பிள்ளை குளிர்காலத் துணியை மூட்டை கட்டுவாளா?

ஒன்று சொல்கிறேன். போன வாரம் ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட் எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அடி தப்பியது. ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றோடு சேராமல் நொண்டியது. பத்து அடிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சுவருக்கும் இரும்பு அலமாரிகளுக்கும் இந்தப் பக்கம் உட்கார்ந்த எனக்குக் கேட்டது. எழுந்து போய், எந்த சிலிண்டர் என்று விரலை நீட்டிக் காட்டினேன். திறந்து பார்த்தால் அதில்தான் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒழுகுகிறது. அந்த எஞ்சின் அப்படியே போயிருந்தால் அத்தனை பயணிகளோடும் வழியில் எங்காவது நின்றிருக்கும். ஃபோர்மேன் முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்துவிட்டு ஸ்டோருக்கே திருப்பி அனுப்பினார். இப்போது நீயே சொல். நான் செவிடனா?

எஞ்சினை எப்படி ஸ்டார்ட் செய்வோம் என்று உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதன் வயிற்றுக்குள் கையை விட்டு வேலை செய்கிறவர்கள், தண்டவாளத்துக்குக் கீழே குழியில் நிற்கிறவர்கள், யாரையும் பட்டன் முன்னால் நிற்பவனால் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். "வெளிய!" என்று அவரவர் வாயால் பதில் சொல்ல வேண்டும். கடைசி ஆள் சொல்லும்வரை பட்டனில் கை வைக்கக்கூடாது. இந்த வழக்கத்தை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

ஆகவே நீ எழுதாமல் விட்ட காரணம் வேறு ஏதோ இருக்கிறது. ஓவர்டைம் பார்க்காதே என்று வருஷக்கணக்கில் நச்சரித்தாயே, அதற்காகத்தானே போய்ப் போட்டுக்கொடுத்தாய்? உள்ளதைச் சொல்.

இப்படிக்கு,
காது நன்றாகக் கேட்பவன்


ஜூன் 30

என்னங்க,

உள்ளதைச் சொல்கிறேன். சொல்லக்கூடாது என்று மகள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவளே, "சொல்லிடும்மா, அப்பா உன்னைத் தப்பா நினைச்சிட்டே இருக்க வேணாம்" என்றாள்.

ஃபோர்மேன் வீட்டுக்கு நான் போனதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நம் வீட்டில்தான் இருந்தாள். நான் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். நீங்கள் முன்னறையில் பேப்பரோடு இருந்தீர்கள். அவள் குளியலறையில் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. "அப்பா" என்று கூப்பிட்டிருக்கிறாள். முதலில் சாதாரணமாக, அப்புறம் பயந்துபோய், அப்புறம் தொண்டை கிழிய. நான் மாடிப்படி ஏறும்போதே எனக்குக் கேட்டது. கீழ் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பால் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஷெட்ல கேக்குதா? எவனோ ஒரு சிலிண்டர் அடி தப்புற எஞ்சினைப் போட்டு முறுக்குறான் பாரு" என்றீர்கள்.

நான் பதில் சொல்லாமல் உள்ளே போய் அவளைத் தூக்கினேன். மயக்கம் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தீர்கள், விசிறினீர்கள், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் பாசத்தில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொல்லும்வரை எனக்கு உயிர் இல்லை.

அன்றைக்கு அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அப்பாகிட்ட சொல்லாதம்மா, தாங்க மாட்டாரு." நான் மட்டும் ஒட்டடையின் மனைவியை நினைத்துக்கொண்டே இருந்தேன். நெட்டையாக இருக்கிறார் என்று ஒட்டடைக்குச்சி என்று நீங்களெல்லாம் கூப்பிடும் அந்த மனுஷன்தான் உங்கள் எஞ்சினுக்குள் கையை விட்டு வேலை செய்கிறார். அவர் மனைவி என்னோடு தினமும் நடக்க வருகிறவள். பெற்ற பெண் கதறியது கேட்காதவருக்கு, ஒட்டடை உள்ளேயிருந்து சொல்கிற பதில் எப்படிக் கேட்கும்? நாளைக்கு ஏதாவது ஆனால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

கோபப்படுங்கள். ஆனால் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நான்தான்


ஜூலை 17

என்னங்க,

பதில் வரும் என்று பார்த்தேன். நீங்களே வந்தீர்கள். வந்த வேகத்தில் போய்விட்டீர்கள்.

கதவைத் திறந்ததும் ஒரு நிமிஷம் யாரோ என்று நினைத்தேன். டீசல் வாசனை இல்லாமல் உங்களைப் பார்த்து எவ்வளவு காலமாகிறது! மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். அவள், "ஒண்ணும் இல்லப்பா, ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தையைக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். குழந்தை வீறிட்டு அழுதபோது அந்தப் பொக்கை வாயையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

என்னிடம், "வரேன்" என்றீர்கள். அவ்வளவுதான். என்ன சொன்னால் என்ன திருப்பிச் சொல்வது என்று வாரக்கணக்கில் யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் வீணாய்ப் போயிற்று.

குடையை இங்கேயே விட்டுவிட்டீர்கள். நனையாமல் வீடு போய்ச் சேர்ந்தீர்களா என்று மகள் கேட்கச் சொன்னாள்.

நான்தான்


ஆகஸ்ட் 2

ஏம்மா,

நனைந்துதான் போனேன். பரவாயில்லை.

குழந்தையை ஏன் வாங்கவில்லை என்று நினைத்திருப்பாய். கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் என் தோளில் சாய்ந்து அழுதால் எனக்குத் தெரியாதே என்று பயந்தேன். இதை அங்கே எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை.

ஊர் திரும்பியதும் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு கேஸ்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கொடுக்கப் போகிறவன் மாதிரி எஞ்சின் நிற்கிற இடத்துக்குப் போனேன். இப்போது பட்டன் முன்னால் நிற்பது ஒட்டடைதான். எஞ்சினுக்குள் புதிதாக வந்த ஃபிட்டர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். ஒட்டடை அவரைக் கூப்பிட வாயைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேறு யாரையும் பார்க்காமல், காதை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நின்றேன். பக்கத்துத் தடத்தில் ஒரு எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒவ்வொரு அடியும் எனக்கு நெஞ்சில் விழுகிற மாதிரி கேட்டது. மனுஷக் குரல் எதுவும் கேட்கவில்லை. பதில் சொல்ல வழக்கமாக நான் எவ்வளவு நேரம் விடுவேனோ அவ்வளவு நேரம் விட்டேன். சரி, இப்போது அமுக்கலாம் என்று என் கை தானாக அசைந்தது. கண்ணைத் திறந்தேன்.

ஒட்டடை பட்டனிலிருந்து இரண்டு அடி தள்ளி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "என்னவாம்?" என்று கேட்டேன். "'இருங்கண்ணே, ஸ்பானர் உள்ள விழுந்திருச்சு, தேடிக்கிட்டிருக்கேன்'னு அப்ப இருந்து கத்துறாரு, உங்களுக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அந்த ஃபிட்டரின் இரண்டு கையும் உள்ளே இருந்தன. நானாக இருந்தால் அமுக்கியிருப்பேன்.

நான் ஒட்டடையை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "என்கூட வேலை செஞ்சப்ப நீ எத்தனை தடவை இப்படிக் கத்தியிருப்ப?" என்று கேட்டேன். அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சொல்லு என்றேன். நிமிர்ந்து சொன்னார்: "உங்ககிட்ட நாங்க கத்துறதே இல்லண்ணே. நீங்க கூப்பிடுறதுக்கு முன்னாடியே எல்லாரும் வெளிய வந்துருவோம். நீங்க படியேறிப் பட்டன்கிட்ட போறதைப் பார்த்ததும் கையில இருக்கறதைப் போட்டுட்டு வந்துருவோம். புதுசா யார் வந்தாலும் முதல்ல இதைத்தான் சொல்லிக் கொடுப்போம்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். "விடுங்கண்ணே" என்றார். டீக்காசை அவரே கொடுத்தார், நான் கொடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் கையில் ஒருவனுக்கும் கீறல் விழுந்ததில்லை என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அந்தப் பெருமை என்னுடையதே இல்லை. மொத்த ஷெட்டும் எனக்குத் தெரியாமல் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் நானாகவே காது டாக்டரிடம் போனேன். எஞ்சினில் எந்த சிலிண்டர் தப்புகிறது என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே சொல்வேனே, அது எப்படி என்று கேட்டேன். அவர் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். இடது பக்கம் கோடு நேராக இருந்தது, வலது பக்கம் பள்ளத்தில் விழுந்தது. "கனமான சத்தமெல்லாம் உங்களுக்கு நல்லாவே கேக்கும். எஞ்சின் அடிக்கிறது எல்லாம் இந்தப் பக்கம். போனது மெல்லிசான சத்தங்க. பேச்சைப் பிரிச்சுக் காட்டுறதே அதுதான். பொம்பளைங்க குரலும் குழந்தைங்க குரலும் முதல்ல போயிடும்" என்றார். எஞ்சின் கேட்கிறதே, எனக்கா செவிடு என்று இத்தனை காலம் மார்தட்டினேன். எனக்குக் கேட்காமல் போனது நீயும் மகளும்தான்.

முகத்தைத் திருப்பினேன் அல்லவா? அதைக் கோபம் என்று எழுதினேன். கோபம் இல்லை, அது கொடுமை. நீ வா. வந்து என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 14

என்னங்க,

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில் மை கலைந்திருக்கிறது. தாத்தா அழுதாரா என்று மகள் குழந்தையிடம் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டாள். ஸ்டோர் ரூம் எண்ணெயாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

ஒட்டடையையும் மற்றவர்களையும் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் செய்ததைத்தான் நானும் வீட்டில் செய்தேன். கதவைத் தட்டினால் நீங்கள் கவனிப்பதற்குள் நான் ஓடிப் போய்த் திறந்தேன். உறவுக்காரர்கள் உங்களிடம் ஏதாவது கேட்டால் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "அவர் வேற யோசனையில இருக்கார்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நீங்கள் அசிங்கப்படக் கூடாது என்றுதான் செய்தேன். அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் நீங்கள் எப்போதோ டாக்டரிடம் போயிருப்பீர்கள், மகள் அந்த ஈரத் தரையில் தனியாகக் கிடந்திருக்க மாட்டாள். ஃபோர்மேனிடம் சொன்னதற்கு நான் வருந்தவில்லை. அவ்வளவு தாமதமாகச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

வா என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே வந்த புதிதில் மகள், "மெதுவாப் பேசும்மா, ஏன் கத்துற?" என்பாள். நான் கத்துகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. இப்போது மெதுவாகப் பேசப் பழகிவிட்டேன். ஒரு தடவை சொன்னால் போதும் என்பது எவ்வளவு சுகம் என்று உங்களிடம் எப்படிச் சொல்வேன்? உங்கள் காதோடு வாழ எனக்குத் தெரியும், அது எனக்குக் கஷ்டமே இல்லை. ஆனால் உங்களுக்குக் கோபம் வரும்போதெல்லாம், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பினால் நான் இல்லாமல் போய்விடுவேன் என்று தெரிந்துகொண்டேனே, அதை எப்படித் தெரியாமல் ஆக்கிக்கொள்வது?

வர மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வருகிறேன் என்றும் எழுத வரவில்லை. குழந்தை எழுந்துவிட்டாள், நிறுத்துகிறேன்.

நான்தான்


செப்டம்பர் 5

ஏம்மா,

நீ கேட்ட கேள்வியை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தினமும் எடுத்துப் படிக்கிறேன்.

காது மிஷின் வந்துவிட்டது. வேர்க்கடலை அளவுதான் இருக்கிறது. மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் என் செருப்பே என்னைத் துரத்துகிறது. பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் பட்டாசு வெடிக்கிறது. ஷெட்டில் நம் ஆட்கள் இவ்வளவு கெட்ட வார்த்தை பேசுவார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. அத்தனையும் இத்தனை வருஷம் என் முன்னாலேயே பேசியிருக்கிறார்கள்.

மிஷின் இருந்தாலும் பட்டன் பக்கம் இனி விட மாட்டோம் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். சரி என்றேன். கொஞ்சம் வலித்தது. கொஞ்சம் என்று எழுதுவது பொய். ஸ்டோருக்கு வந்து அலமாரிக்குப் பின்னால் நின்றேன், யாரும் வாஷர் கேட்டு வரவில்லை, நல்லவேளை.

உனக்கு எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. மிஷினை மாட்டிவிட்டபோது டாக்டர், "வீட்ல இருக்கறவங்க குரல் பழையபடி இருக்கான்னு பாருங்க. வேற மாதிரி இருந்தா சொல்லுங்க, சரி பண்ணலாம்" என்றார். சரி என்று வீட்டுக்கு வந்தேன். நீ இங்கே இல்லை. சரி, அவள் குரல் எப்படி இருக்கும் என்று முதலில் நினைவில் வைத்துக்கொள்வோம், போய்ப் பார்க்கும்போது ஒத்துப் பார்க்கலாம் என்று கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன்.

வரவில்லையம்மா.

எங்கள் ஷெட்டுக்கு வந்த எஞ்சின் ஒவ்வொன்றின் சத்தமும் எனக்கு நினைவிருக்கிறது. வருஷக்கணக்கில் ஓடி, இரும்புக்கு வெட்டிப் போன எஞ்சின்கூட எப்படி இழுக்கும், எங்கே மூச்சு வாங்கும் என்று இப்போதும் சொல்வேன். நீ என்னைக் கூப்பிடும்போது உன் உதடு எப்படி அசையும் என்று தெரியும். கோபம் வந்தால் கீழ் உதடு எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியும். அந்த அசைவுக்கு என்ன குரல் என்று தெரியவில்லை. கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த குரல் அது என்பது மட்டும் நினைவிருக்கிறது. அது எந்த நாளில் என் காதைவிட்டுப் போனது என்றுகூடத் தெரியாமல் உன் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். உன்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை, பயப்படாதே, மாலை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். எனக்கு எதிரே உட்கார வேண்டும் என்றுகூட இல்லை. சமையலறையில் உன் வேலையைப் பார்த்துக்கொண்டே எதையாவது பேசு, நான் வெளியில் உட்கார்ந்து கேட்கிறேன். திட்ட வேண்டும் என்று தோன்றினால் அதிலேயே ஆரம்பி.

உன் வீட்டுக்காரன்